சாப்பாடு ஆச்சா?

ஸ்ரீபாலன் கை வைத்துக் கெட்டுப்போன சாமான்கள் அந்த வீட்டில் ஒன்றிரண்டு அல்ல. மிக்சி, இஸ்திரிப் பெட்டி, குளியலறைக் குழாய், பரண் மேல் தூங்கும் டேபிள் ஃபேன் எல்லாம் அவர் கைவரிசைதான். பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் ஆயுசு முழுக்கக் கணக்கு எழுதிவிட்டு ஓய்வு பெற்ற மனிதருக்குத் திருப்புளியை எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. "உங்க கை பட்டா செத்தது கூட எழுந்து ஓடும்" என்று மனைவி மதனவதி கேலி செய்வாள். இதுவரை எதுவும் எழுந்து ஓடவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு வேலையை மட்டும் சுத்தமாகச் செய்திருந்தார். போன் கூடத்தில் இருந்தது. மகள் ஸ்ருதி தாம்பரத்திலிருந்து தினமும் சாயங்காலம் கூப்பிடுவாள். மதனவதி ஈரக்கையோடு அடுப்படியிலிருந்து ஓடிவருவாள். ஆனி மாதம் ஒரு நாள் வழுக்கி விழுந்து முழங்கை வீங்கிப்போனது. மறுநாளே ஸ்ரீபாலன் பேருந்து நிலையத்துப் பக்கம் போய் வெள்ளை ஒயரும் பழைய போன் ஒன்றும் வாங்கி வந்து, வாசற்படி மேலே லைன் வந்து சேரும் பெட்டியிலிருந்து நேராக இழுத்து, அடுப்படிச் சுவரில் இன்னொரு போனை மாட்டிவிட்டார். இங்கே அடித்தால் அங்கேயும் அடித்தது. அங்கே எடுத்தால் இங்கேயும் கேட்டது. மதனவதி ரிசீவரைக் காதில் வைத்தபடியே ரசத்துக்குத் தாளித்தாள். அவருக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை.

மகன் அர்ஹந்த் அமெரிக்காவில் டல்லாஸ் பக்கம் வேலையில் இருந்தான். அந்த வருஷப் பொங்கலுக்கு வந்தபோதே கம்ப்யூட்டர் வாங்கிக் கூடத்தில் வைத்து, பிராட்பேண்டுக்கு எழுதிக் கொடுத்து, மானிட்டர் தலையில் ஒரு கேமராக் கண்ணைப் பொருத்திவிட்டுப் போயிருந்தான். போன் லைனிலேயே இன்டர்நெட்டும் வரும். பக்கத்தில் மோடம் என்று ஒரு சின்னப் பெட்டி, அதில் பச்சை விளக்குகள். கடைசி விளக்கு ஆடாமல் எரிந்தால் மகன் வருவான், சிமிட்டினால் வரமாட்டான். மதனவதிக்கு இந்த அளவு கம்ப்யூட்டர் போதுமாக இருந்தது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் இங்கே சாயங்காலம், அவனுக்குக் காலை. முதல் சனிக்கிழமையே அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏண்டா கன்னம் ஒட்டிப்போய்க் கெடக்குது? காலைல சாப்டறதில்லையா?" என்று பிடித்துக்கொண்டாள்.

"யாருமா தனியா உக்காந்து சாப்டுவாங்க?"

"நான் இருக்கேன்ல. தட்டை எடுத்துக்கினு வா."

அன்றைக்கு ஆரம்பித்தது. சின்ன வயதில் சோறு தின்னப் படுத்துவான், அப்போது அவள் போட்ட ஒப்பந்தம்தான்: அம்மாவுக்கு ஒரு வாய், புள்ளைக்கு ஒரு வாய். இப்போது கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உட்கார்ந்துகொண்டு அதையே நடத்தினார்கள். அவள் கவளத்தை எடுத்துக் கண்ணுக்கு நேரே தூக்கிக் காட்டுவாள். அவன் ரொட்டித்துண்டைத் தூக்கிக் காட்டுவான். இரண்டு வாயும் ஒரே சமயத்தில் மெல்லும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் ஸ்ரீபாலனுக்குச் சிரிப்பாகவும் இருக்கும், கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கும். அவருக்குக் கவளம் காட்ட அங்கே ஆள் இல்லை.

சிக்கல் இதில்தான் இருந்தது. அவர்கள் சமணர்கள். நயினார் வீடுகளில் பொழுதோடு சாப்பிட வேண்டும். சூரியன் இறங்கிவிட்டால் எதுவும் வாயில் படாது. ஸ்ரீபாலனே வேலைக்குப் போன காலத்தில் சங்கத்து வாசலில் இருட்டியபின் டீ குடித்துவிட்டு ஒன்றும் தெரியாதவர் போல வீட்டுக்கு வந்ததுண்டு. மதனவதி அப்படியில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, இரண்டு பிரசவத்திலும் கூட, ஒரு நாள் தவறியதில்லை. சர்க்கரை வந்து மாத்திரை போட ஆரம்பித்த பிறகும் அதேதான். ஐந்து மணிக்கு மாத்திரை, அரை மணி கழித்துச் சாப்பாடு என்று டாக்டர் சொன்னது அவளுக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. டாக்டரும் நம்ம ஆளாக இருப்பாரோ என்று கூடக் கேட்டாள்.

வெயில் காலத்தில் எல்லாம் நன்றாகவே போனது. பிறகு லைன் வம்பு பண்ண ஆரம்பித்தது. மகன் முகம் வரும், இரண்டு வாய் சாப்பிடுவார்கள், படம் அப்படியே நின்றுவிடும். வாய் திறந்தபடி, கண் பாதி மூடியபடி, ரொட்டி பல்லில் இருந்தபடி நின்றுவிடும். அப்புறம் அதுவும் போய்விடும். மோடத்தில் கடைசி விளக்கு சிமிட்டோ சிமிட்டென்று சிமிட்டும். மறுபடி பிடிக்கச் சில நாள் பத்து நிமிடம் ஆகும், சில நாள் ஒரு மணி நேரம் ஆகும். பொழுது நீளமாக இருந்த மாதங்களில் அது பெரிய விஷயமாகப் படவில்லை. காத்திருந்து, படம் வந்தபின் மீதியைச் சாப்பிட்டாள். ஆவணி, புரட்டாசி என்று பொழுது சுருங்கச் சுருங்க, படம் வருவதற்குள் சூரியன் போய்விட்டது. சூரியன் போனால் மதனவதி தட்டை மூடிவிடுவாள்.

"மதனம், நீ பாட்டுக்குச் சாப்டு. அவன் வந்தா பேசிக்கலாம்" என்று அவர் தலைபாடாக அடித்துக்கொண்டார்.

"நான் சாப்டுட்டு உக்காந்தா அவன் சாப்டுவானா? அவன் ஒடம்பைப் பாத்தீங்களா?"

"மாத்திரை போட்டிருக்கிறடி."

"ஒரு வேளை பட்டினி கெடந்தா யாரும் செத்துப்போவ மாட்டாங்க. விரதம்னு நெனச்சிக்கறேன்."

ஒரு சனிக்கிழமை விளக்கு வைத்த பிறகு அவளுக்குக் கை நடுங்கியது. ஜாக்கெட் முதுகெல்லாம் வேர்வை. ஸ்ரீபாலன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு ஓடிவந்தார். அவள் உதட்டை மூடிக்கொண்டாள். நோயாளிக்கு விலக்கு உண்டு என்று சொல்லிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், கத்தியும் பார்த்தார். "எனக்கு இன்னா நோவு? நல்லாத்தான் இருக்கறேன்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவர் டம்ளரைக் கொண்டுபோய் அடுப்படியில் வைத்தார். இவளை மாற்ற முடியாது, லைனையாவது மாற்றிவிடலாம் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தார்.

பிள்ளைகளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லக்கூடாது என்று மதனவதி கையைப் பிடித்துக் கேட்டிருந்தாள். "ஸ்ருதிக்குத் தெரிஞ்சா அவன்கிட்ட சண்டைக்குப் போவா. அப்புறம் அவன் இதையே நிறுத்திடுவான். வாரத்துல ரெண்டு நாள்தாங்க எனக்கு." அதன்பிறகு பிள்ளைகள் கூப்பிட்டபோதெல்லாம் அவர் வேறு பேச்சே பேசினார்.

ஸ்ருதியும் சும்மா இருக்கிறவள் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து காபி போட்டதும் முதல் வேலையாக அம்மாவைக் கூப்பிடுவாள். சனி, ஞாயிறும் அதே நேரம், கொஞ்சம் முன்னே பின்னே. கேள்விகள் இரண்டுதான். மாத்திரை போட்டியா? சாப்பாடு ஆச்சா? போனை எடுக்காவிட்டால் பதறிப்போய்ப் பக்கத்து வீட்டுப் பெரியநாயகியைக் கூப்பிட்டு எட்டிப்பார்க்கச் சொல்வாள். அதனால் எந்த வேலையில் இருந்தாலும், மகன் முகத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாலும், மணி அடித்தால் மதனவதி எழுந்துபோய் எடுத்துவிடுவாள்.

"போட்டேன்மா... ஆச்சும்மா, ஆச்சு."

அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஸ்ரீபாலன் ஒரு நாள் பிடித்துக்கொண்டார். "பொய் சொல்லக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்றவ. இது மட்டும் இன்னாவாம்?"

"இன்னா பொய் சொன்னேன்? சாப்பாடு ஆச்சான்னு கேட்டா. சோறு வெந்துதா இல்லையா? கொழம்பு கொதிச்சிதா இல்லையா? ஆச்சு." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அடுப்பில் ஆனதும் ஆச்சுதான், வயிற்றில் ஆனதும் ஆச்சுதான். கேட்கிறவள் எதை எடுத்துக்கொண்டால் இவளுக்கென்ன.

ஸ்ரீபாலன் தொலைபேசி நிலையத்துக்கு நடையாய் நடந்தார். "டயல் டோன் வருதா சார்? வருதுல்ல? அப்ப லைன் நல்லாருக்குதுன்னு அர்த்தம்" என்றார்கள். சாயங்காலம் எல்லாரும் உபயோகிப்பதால் மெதுவாக இருக்கும் என்றார்கள். மோடத்துக்குக் காற்று படவேண்டும் என்றார் ஒருவர். அதற்காக அவர் டேபிள் ஃபேனைப் பரணிலிருந்து இறக்கி, பழுது பார்த்து, மோடத்துக்கு நேரே ஓடவிட்டார். ஃபேன் ஓடியது, லைன் ஓடவில்லை.

லைன்மேன் கண்ணாயிரம் நல்ல மனிதர். கூப்பிட்ட குரலுக்கு வருவார், ஆனால் காலையில்தான் வருவார். காலையில் எல்லா விளக்கும் ஆடாமல் அசையாமல் எரியும். "சார், பாருங்க, கல்லு மாதிரி நிக்குதுபா" என்பார். ஸ்ரீபாலன் அசடு வழிய நிற்பார். மருத்துவரைக் கண்டதும் விட்டுப்போகும் பல்வலியை வைத்துக்கொண்டு யார் நம்புவார்கள்? அப்படியும் கண்ணாயிரம் கம்பத்தில் ஏறி ஜாயின்ட்டைப் பிரித்துச் சுரண்டிக் கட்டினார். கடைசியில் கார்த்திகை மாதம் கம்பத்திலிருந்து வீடுவரை பழைய ஒயரையே கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு இழுத்துக் கொடுத்தார். "இனிமே கட்டாச்சுன்னா என் பேரை மாத்திக்கறேன் சார்."

அதற்குள் அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்துவிட்டார்களாம். அவனுடைய ஏழு மணி இங்கே இருட்டிப்போன நேரமாகிவிட்டது. அம்மாவுக்காக அவன் ஆறு மணிக்கே, கண் எரிய எரிய எழுந்து உட்கார ஆரம்பித்தான். அவன் உட்கார்வதற்கும் சூரியன் இறங்குவதற்கும் நடுவே இருந்தது ஒரு சாப்பாட்டு நேரம்தான். லைன் ஒரு தடவை அறுந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

புது ஒயர் போட்ட வாரத்துச் சனிக்கிழமை, ஸ்ரீபாலன் காலையிலிருந்தே சந்தோஷமாக இருந்தார். மதனவதி அவரைக்காய்க் கூட்டும் மிளகு ரசமும் வைத்திருந்தாள். ஐந்து மணிக்கு மாத்திரை போட்டுக்கொண்டாள். தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் அவள் கன்னத்தில் விழுந்தது. மகன் வந்தான். அப்படி ஒரு படம் அதுவரை வந்ததே இல்லை. அவன் தாடையில் பிளேடு கீறியிருந்தது கூடத் தெரிந்தது.

"அம்மா! இன்னாமா சினிமா மாதிரி தெரியற!"

"அப்பா புது ஒயரு போட்டாருடா. எடு, ஒரு வாய் எடு."

அவள் கவளத்தைப் பிசைந்து உருட்டித் தூக்கினாள். வாய்க்கும் கைக்கும் நாலு விரற்கடை இருந்தது. "அப்டியே இரு, அப்டியே இரு. ஒரு போட்டோ எடுத்துக்கறேன்" என்றான் மகன். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு சிரித்தாள், கை அப்படியே நின்றது. போன் அடித்தது.

"ஸ்ருதிதான். இருடா" என்று கவளத்தைத் தட்டில் வைத்துவிட்டு, சோற்றுக் கையைக் கழுவ அடுப்படிக்கு எழுந்துபோனாள். ஸ்ரீபாலன் திரும்பிப் பார்த்தபோது படம் நின்றிருந்தது. விளக்கு சிமிட்டியது. அவருக்கு வந்த ஆத்திரத்தில் செருப்பைக் கூடப் போடாமல் மாடிக்கு ஓடினார். புது ஒயரைக் கையால் ஆட்டிப் பார்த்தார், கம்பத்தையே முறைத்தார், கண்ணாயிரத்தின் பேரைத் திட்டினார். அடுப்படியில் மதனவதி சொல்வது ஜன்னல் வழியாகக் கேட்டது.

"போட்டேன்மா. ஆச்சு, ஆச்சு."

அவர் இறங்கி வந்தபோது ஜன்னலில் வெயில் இல்லை. தட்டு மூடியிருந்தது. அவள் விளக்கு வைத்துக்கொண்டிருந்தாள். "நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே. நாளைக்கு வருவான்" என்றாள். அன்றைக்கு அவர் சர்க்கரைத் தண்ணீர் கலக்கவில்லை. எப்படியும் குடிக்கமாட்டாள் என்ற கோபம். அந்தக் கோபத்தை அவர் சாகிறவரை மறக்கப்போவதில்லை.

விடிந்து காபிக்குக் கூப்பிட்டபோது அவள் எழுந்திருக்கவில்லை. மூச்சு இருந்தது. உலுக்கினால் கண் திறக்கவில்லை. பெரியநாயகியும் அவள் வீட்டுக்காரரும் சேர்ந்து ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். ஊசி மேல் ஊசி, பாட்டில் மேல் பாட்டில் ஏற்றினார்கள். ஸ்ருதி தாம்பரத்திலிருந்து அழுதுகொண்டே வந்து சேர்ந்தாள். டாக்டர் வெளியே வந்து, "சர்க்கரை ரொம்பக் கீழ போயிருக்கு. ராத்திரி முழுக்க இப்படியே இருந்திருக்காங்க. நேத்து ஒழுங்கா சாப்பிட்டாங்களா?" என்று கேட்டார்.

ஸ்ரீபாலன் வாயைத் திறப்பதற்குள் ஸ்ருதி முந்திக்கொண்டாள். "சாப்ட்டாங்க டாக்டர். நான்தானே கேட்டேன். மாத்திரை போட்டேன், சாப்பாடு ஆச்சுன்னு அவங்களே சொன்னாங்க. தினமும் கேட்டுட்டுத்தான் நான் வேற வேலையே பாப்பேன்."

அவள் முகத்தில் அந்த அழுகையிலும் ஒரு பிடிமானம் இருந்தது. தான் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறோம் என்ற பிடிமானம். ஸ்ரீபாலன் அதைப் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார். அன்று மத்தியானம் மதனவதி போய்விட்டாள்.

அர்ஹந்த் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வெறும் கூடத்தைப் பார்த்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். அழுது ஓய்ந்த பிறகு பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து அப்பாவின் மடியில் வைத்துத் திறந்தான்.

"கடைசியா எடுத்தது அப்பா. லைன் கட்டாவறதுக்கு ஒரு செகண்டு முன்னாடி."

மதனவதி சிரித்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் வெயில். கையில் கவளம்.

"இதையே பெருசு பண்ணி மாட்டலாம்பா. அம்மா சந்தோஷமா சாப்டுக்கினு இருக்காங்க பாருங்க. கட்டாச்சே தவிர, அவங்க சாப்டறதைப் பாத்துட்டுத்தானே கட்டாச்சு. அதுதான் எனக்கு ஒரே ஆறுதல்."

ஸ்ரீபாலன் அந்தக் கவளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது வாய்க்குப் போகவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் இந்த உலகத்தில் அவர்தான். "மாட்டுப்பா" என்றார்.

காரியங்கள் முடியும்வரை பிள்ளைகள் இரண்டு பேரும் வீட்டில் இருந்தார்கள். அர்ஹந்த் இடையில் ஆபீஸ் வேலையைப் பார்க்க லேப்டாப்பை மோடத்தில் சொருகிக்கொண்டு உட்கார்ந்தான். துக்கம் கேட்டு முசரவாக்கத்திலிருந்தும் வந்தவாசியிலிருந்தும் சொந்தக்காரர்கள் போன் பண்ணிக்கொண்டே இருந்தார்கள். நாலாவது தடவை மணி அடித்தபோது அர்ஹந்த் "சே!" என்று மேஜையைத் தட்டினான். பிறகு என்னவோ தோன்றியவனாக மோடத்தை உற்றுப் பார்த்தான். பாக்கெட்டிலிருந்து செல்போனை எடுத்து வீட்டு நம்பரை அடித்தான். கூடத்திலும் அடுப்படியிலும் மணி அடித்தது. கடைசி விளக்கு அணைந்தது, சிமிட்ட ஆரம்பித்தது.

மண்டி போட்டுக்கொண்டு சுவரோரமாக வெள்ளை ஒயரைத் தடவிக்கொண்டே போனான். வாசற்படி மேலே பெட்டி. அங்கிருந்து ஜன்னல் சட்டம். அங்கிருந்து அடுப்படி.

"அப்பா, இந்தப் போன் யாரு போட்டது?"

"நான்தான்."

"போனையும் இன்டர்நெட்டையும் பிரிக்கற ஃபில்டரை இதுக்குப் போடல. கூடத்துப் போனுக்கு மட்டும் போட்டிருக்காங்க. இதுல மணி அடிச்சாலே இன்டர்நெட் போயிடும்பா." அலமாரியைத் திறந்து மோடம் வந்த அட்டைப்பெட்டியை எடுத்தான். ஸ்ரீபாலன் அதைத் தூசி படாமல் பாதுகாத்து வைத்திருந்தார். உள்ளே பிளாஸ்டிக் உறையைக் கூடப் பிரிக்காமல் தீப்பெட்டி அளவுக்கு ஒரு வெள்ளைத் துண்டு கிடந்தது. "இதோ, கூடவே குடுத்திருக்கான். இதை நடுவுல சொருகினாப் போதும்."

சொருகினான். மறுபடி செல்போனில் அடித்தான். இரண்டு மணிகளும் அலறின. பச்சை விளக்கு ஆடவில்லை.

அர்ஹந்த் தரையிலேயே உட்கார்ந்து வெறித்துப் பார்த்தான். "இவ்வளவுதானாப்பா? அம்மாகூட இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம்" என்றான்.

ஸ்ரீபாலன் அந்த வெள்ளை ஒயரை முனையிலிருந்து முனைவரை பார்த்தார். மகனுக்குத் தெரிந்தது இந்த முனை. மணி அடித்தால் லைன் போகும். ஸ்ருதிக்குத் தெரிந்தது அந்த முனை. தினமும் அந்த நேரத்தில் மணி அடித்தது அவள்தான். நடுவே இருந்த பட்டினி அவருக்கு மட்டும் தெரியும். அறுந்த இழையைப் பிணைக்கிற மாதிரி யாராவது இந்த மூன்றையும் சேர்த்து ஒரு முறுக்கு முறுக்கிவிட்டால் போதும், ஸ்ருதி பிழைக்கமாட்டாள். சாப்பிட்டாயா என்று அவள் கேட்ட கேள்விதான் அம்மாவைச் சாப்பிடவிடாமல் செய்தது. அந்த மணி அடுப்படியிலும் அடிப்பதற்கு ஒயர் இழுத்துக் கொடுத்தது இந்தக் கை. வெறும் கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

மணிச்சத்தம் கேட்டு ஸ்ருதி கொல்லைப்பக்கத்திலிருந்து வந்தாள். "இன்னாடா, சும்மா சும்மா போன் அடிச்சிக்கினே இருக்குது? லைன் சரியாயிடுச்சா? எதனாலயாம்?"

"அதுவா, இந்தப் போன் அடிச்சா..." என்று அர்ஹந்த் ஆரம்பித்தான்.

"கம்பத்துல ஜாயின்ட்டு போயிருந்துதுமா" என்றார் ஸ்ரீபாலன்.

அர்ஹந்த் நிமிர்ந்து பார்த்தான். அவர் அவன் தோளில் கை வைத்து அழுத்தினார். மகன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான், சுவரில் கோணலாக ஆணி அடித்திருந்த வெள்ளை ஒயரைப் பார்த்தான். தன் கைவேலைதான் கோளாறு என்று அக்காவுக்கு முன்னால் தெரிய வேண்டாம் என்று நினைக்கிறார் போல, பாவம், என்று அவனாக எடுத்துக்கொண்டான்.

"ஆமாக்கா. கம்பத்துலதான்" என்றான்.

"துருப்பிடிச்சிருந்துதாம்" என்று ஸ்ரீபாலன் மேற்கொண்டு ஒன்றைச் சேர்த்தார். மதனவதி உயிரோடு இருந்திருந்தால் 'இது மட்டும் இன்னாவாம்' என்று கேட்டிருப்பாள். ஸ்ருதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவிங்க, முன்னாடியே பாத்திருக்கக் கூடாதா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இரண்டு பேரும் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். அப்பாவைத் தனியாக விடமாட்டேன், தாம்பரத்துக்கு வா என்று ஸ்ருதி அழுது பார்த்தாள். அவர் அசையவில்லை. தை பிறந்தபின் வந்த ஒரு சனிக்கிழமை, பெரியநாயகி கொடுத்தனுப்பிய குழம்போடு தட்டில் சோறு போட்டுக்கொண்டு ஸ்ரீபாலன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். மானிட்டருக்கு மேலே சுவரில் மதனவதியின் படம், சட்டம் போட்டு, மாலை போட்டு. அதே சிரிப்பு. அதே கவளம்.

அர்ஹந்த் கண் எரிய எரிய எழுந்து வந்திருந்தான். கையில் ரொட்டி.

"எடுங்கப்பா. உங்களுக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய்."

அவர் சோற்றில் கை வைத்தார். போன் அடித்தது.

கூடத்திலும் அடித்தது, அடுப்படியிலும் அடித்தது. ஸ்ரீபாலனின் கண் தன்னால் மோடத்துக்குப் போனது. பச்சை விளக்கு நின்று எரிந்தது. மகன் அங்கே ரொட்டியைக் கடித்துக்கொண்டு, அவன் பக்கத்து ஜன்னலில் இன்னும் விடியாமல், எல்லாம் அப்படியே இருந்தது. அவர் எழுந்துபோய் இடது கையால் ரிசீவரை எடுத்தார்.

"அப்பா, சாப்பாடு ஆச்சா?"

தட்டில் சோறு தொடாமல் இருந்தது. மேற்கு ஜன்னலில் கொஞ்சம் வெயில் மிச்சம் இருந்தது.

"ஆச்சும்மா. ஆச்சு."

"சரிப்பா. வைக்கறேன்."

ரிசீவரை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கவளத்தைப் பிசைந்து உருட்டி, கண்ணுக்கு நேரே தூக்கினார். தூக்கியபோது மேலே பார்க்கக் கூடாது என்று நினைத்தார். பார்த்துவிட்டார். அவள் கையும் வாய்க்கு நாலு விரற்கடை தள்ளி நின்றிருந்தது. அவர் கை அதற்கு மேல் போகவில்லை. கீழேயும் இறங்கவில்லை. கண்ணீர் மட்டும் தாடைக்கு வந்து நின்றது.

ஸ்பீக்கரில் மகன் குரல் வந்தது. "அப்பா? அப்பா, படம் நின்னுபோச்சாப்பா? அசையவே காணோம்."

"இல்லப்பா" என்றார் ஸ்ரீபாலன். "லைன் நல்லாத்தான் இருக்குது."